கால் நரம்புச் சுருட்டல்: முதல் ஸ்கேனிலிருந்து சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் வரை

கெண்டைக்காலில் நரம்பு நீலமாக முறுக்கிக்கொண்டு புடைத்திருக்கிறது. சாயங்காலமானால் கால் கனக்கிறது, உளைகிறது. கரண்டையில் செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறைவதில்லை. இதுதான் வெரிகோஸ் வெயின் என்கிற நரம்புச் சுருட்டல். இப்படி இருந்தும் "வயசானா வரத்தான செய்யும்" என்று வருஷக்கணக்காகப் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் நம் திருநெல்வேலிப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் உண்டு. டவுன் ரதவீதி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள், ஓட்டல் அடுப்படி மாஸ்டர்கள், பஸ் கண்டக்டர்கள், டீச்சர்கள், மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் தட்டை வைத்துச் சம்மணமிட்டுப் பீடி சுற்றுகிற அம்மாக்கள்: இவர்களுக்காகவும், இவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இன்றைக்கு இதற்குத் தொடையைக் கீறி நரம்பை உருவ வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஊசி போகிற ஓட்டை வழியாகவே சிகிச்சை முடிந்து, அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் எந்த முறை உங்கள் காலுக்குப் பொருந்தும் என்பதை ஸ்கேன்தான் சொல்லும். விளம்பரப் பலகையையோ, பக்கத்து வீட்டு மதினிக்கு என்ன செய்தார்கள் என்பதையோ வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

காலுக்குள் என்ன நடக்கிறது

நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய். காலில் இறங்கிய இரத்தம் திரும்ப இதயத்துக்கு ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைச் சதை அழுத்தி அதை மேலே தள்ளுகிறது. ஏறியது இறங்காமல் சிரைக்குள் இருக்கிற சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. சதைக்குள் ஆழத்தில் ஓடும் சிரைகள்தான் ஏறக்குறைய 90 சதவீத இரத்தத்தைக் கொண்டுபோகின்றன. தோலுக்கு அடியில் ஓடுபவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று உட்கரண்டையிலிருந்து தொடை இடுக்கு வரை ஏறும் நீளமான சிரை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஜி.எஸ்.வி. என்று எழுதுவார்கள். இன்னொன்று கெண்டையின் பின்பக்கமாக முழங்கால் மடிப்பு வரை ஏறுவது, எஸ்.எஸ்.வி. தொடை இடுக்கில் ஜி.எஸ்.வி. ஆழச் சிரையோடு சேர்கிற இடம் எஸ்.எஃப்.ஜே.

அந்தச் சேர்மான இடத்து வால்வு பழுதானால், நிற்கிற நேரமெல்லாம் இரத்தம் பின்னோக்கி வடிந்து கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் கெண்டைக்கால் கிளைச் சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்கின்றன. கால்வாயின் மேல்மடை ஒழுகும்போது வயலில் தேங்கிய தண்ணீரை மட்டும் இறைத்துக்கொண்டிருந்தால் வற்றாது. கண்ணுக்குத் தெரிகிற முடிச்சை மட்டும் ஊசியால் கரைத்துவிட்டு மேலே ஒழுகுகிற சிரையை விட்டுவிட்டால், கொஞ்ச காலத்தில் மறுபடி புடைப்பது அதனால்தான்.

பரம்பரை, பேறுகாலம், உடல் எடை, வயது, வெகு நேரம் நிற்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது எல்லாமே காரணங்கள். ஒருவருக்கு ஒரே காரணம்தான் இருக்கும் என்பதில்லை.

முதல் படி: உங்கள் கால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது

வெளிச்சமான இடத்தில் அஞ்சு நிமிஷம் நின்றுகொண்டு, வீட்டில் ஒருவரை முன்னும் பின்னும் பார்க்கச் சொல்லுங்கள். படுத்தால் புடைப்பு அமுங்கிவிடும்.

டாக்டர்கள் இதைச் சி1 முதல் சி6 வரை பிரிக்கிறார்கள். மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தால் சி1. பெரும்பாலும் அழகு சார்ந்த கவலைதான், அவசரம் ஒன்றுமில்லை. 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்துப் புடைத்தால் சி2. கால் வீங்கினால் சி3. கரண்டைக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, கெட்டிப்பட்டால் சி4. புண் வந்து ஆறியிருந்தால் சி5, ஆறாத புண் இருந்தால் சி6.

சி4-ல் வருகிற அரிப்பைத் தோல் வியாதி என்று நினைத்து, களிம்பு மாற்றி மாற்றித் தடவுகிறவர்கள் ஏராளம். உட்கரண்டைப் பக்கம் கறுப்பு விழுந்துவிட்டால் இனித் தள்ளிப்போடக் கூடாது. அடுத்து வருவது புண்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டை வலித்துச் சூடாக இருந்தால் ஆழச் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும், உயிருக்கு ஆபத்து.

புடைத்த நரம்பு வெடித்து இரத்தம் பீறிட்டால் உடனே படுக்க வையுங்கள். காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியை வெடித்த இடத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். பெரும்பாலும் நின்றுவிடும், நின்றாலும் டாக்டரிடம் போங்கள். மேலே கயிறு போட்டு இறுக்கவோ, மஞ்சள்பொடி, காப்பித்தூள் அப்பவோ கூடாது. பாத்ரூமில் நின்றபடி கழுவிக்கொண்டே இருந்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு. அதனால் முதலில் படுப்பதுதான் முக்கியம்.

புடைப்பு நெடுக்கச் சிவந்து கயிறு போலக் கெட்டியாகித் தொட்டால் வலித்தால், அன்றைக்கே இல்லாவிட்டாலும் ஓரிரு நாளில் ஸ்கேன் பார்த்தாக வேண்டும். அதை எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: யாரிடம் போவது

பலர் நேரே நரம்பியல் டாக்டரிடம் டோக்கன் போட்டு ஒரு நாளை வீணாக்குகிறார்கள். இது இரத்தக்குழாய்க் கோளாறு. பார்க்க வேண்டியவர் வாஸ்குலர் சர்ஜன், அல்லது இதில் பழக்கமுள்ள பொது அறுவை சிகிச்சை நிபுணர். சில இடங்களில் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் பார்த்தபடி ஊசி, குழாய் வழியே சிகிச்சை செய்கிற நிபுணர், செய்வார்.

அம்பை, நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் காட்டி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்கிக்கொண்டு வருவது நல்லது. ஹைகிரவுண்டில் காலையிலேயே வந்து அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்குச் சீட்டு போடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, பழைய சீட்டுகள், சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டைகள் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். ஆண்கள் வேட்டியும் பெண்கள் எளிதில் முழங்காலுக்கு மேலே தூக்கக்கூடிய உடுப்பும் உடுத்திப் போனால் சங்கடம் குறையும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வசதி உண்டு. அட்டை இல்லாதவர்கள் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துப் பதியலாம். சேர்ந்திருக்கிற எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா முறையும் கிடைத்துவிடாது. "லேசரா, ஊசியா, ஆபரேஷனா, எது திட்டத்துக்குள் வரும்?" என்று காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் முன்அனுமதிக் கடிதம் வந்த பிறகு தேதி குறிக்கலாம்.

மூன்றாம் படி: நின்றுகொண்டு எடுக்கும் டாப்ளர் ஸ்கேன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

டூப்ளெக்ஸ் டாப்ளர் என்பது வலியில்லாத அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். வழுவழுப்பான ஜெல்லைத் தடவித் தொடை இடுக்கிலிருந்து கரண்டை வரை பார்ப்பார்கள். கெண்டையைப் பிடித்து அழுத்திவிடும்போது இரத்தம் மேலே போகும். கையை எடுத்ததும் எவ்வளவு நேரம் கீழே திரும்புகிறது என்று கருவி அளக்கும். மேல்சிரைகளில் அரை வினாடிக்கு மேல் திரும்பி ஓடினால் வால்வு பழுது என்று அர்த்தம். இந்த ஒழுக்கைச் சரியாகப் பார்க்க நோயாளி நிற்க வேண்டும். படுக்க வைத்து ரெண்டு நிமிஷத்தில் முடித்த ஸ்கேனை நம்பி சிகிச்சைக்குத் தேதி குறிக்காதீர்கள். நிற்கத் தலைசுற்றும் என்றால் சொல்லுங்கள், கட்டிலைச் சாய்த்து வைத்துப் பார்க்க வழி உண்டு.

ரிப்போர்ட்டில் நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள். ஆழச் சிரைகள் அடைப்பில்லாமல் இருக்கின்றனவா? எஸ்.எஃப்.ஜே.யில் ஒழுக்கு உண்டா? எந்தச் சிரை, எங்கிருந்து எங்கு வரை பழுது, அதன் அகலம் எத்தனை மில்லிமீட்டர்? ஆழச் சிரையையும் மேல்சிரையையும் இணைக்கும் பெர்ஃபரேட்டர்களில் ஒழுக்கு இருக்கிறதா? முதல் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆழச் சிரை முன்பே அடைபட்டிருந்தால், மேலே புடைத்திருக்கிற சிரைதான் இரத்தத்துக்கு மாற்றுவழியாக இருக்கலாம். தெரியாமல் அதை மூடினால் கால் மோசமாகும்.

சர்க்கரை உள்ளவர்களும் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களும் பாதத்துக்கு வருகிற தமனி இரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கையிலும் கரண்டையிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடுகிற எளிய சோதனைதான். அதில் குறை இருந்தால் இறுக்கமான காலுறை பாதத்தையே கெடுத்துவிடும்.

காலுறையும் பழக்கங்களும்

அழுத்தக் காலுறை வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். பழுதான வால்வைச் சரியாக்காது. சிகிச்சைக்குக் காத்திருக்கும்போதும், கர்ப்பகாலத்திலும், வேறு காரணத்தால் சிகிச்சை செய்ய முடியாதவர்களுக்கும் அதுதான் துணை. கர்ப்பகாலத்தில் வரும் புடைப்பு பிரசவத்துக்குப் பிறகு ஓரளவு தானாகவே வடியும். அதுவரை ஊசி, லேசர் எதையும் தள்ளிவைப்பார்கள்.

கரண்டைச் சுற்றளவும் கெண்டைச் சுற்றளவும் காலையில் வீக்கம் ஏறும் முன் அளந்து வாங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முழங்காலுக்குக் கீழ் வருவது போதும், நம் ஊர் வெயிலுக்கு அதுதான் தாங்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே மாட்டுங்கள். குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, பாதத்தை நுழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி வழுக்காது. மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள், அது கயிறு கட்டியது போல இறுக்கும். ராத்திரி கழற்றிக் கையால் அலசி நிழலில் காயப் போடுங்கள். ஆறு மாதத்தில் இறுக்கம் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

பீடி சுற்றுகிறவர்கள் அரைமணிக்கொரு தடவை எழுந்து, வாசல் வரை நடந்து, குதிகாலை இருபது முறை தூக்கி இறக்கலாம். கடையில் நிற்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஸ்டூல் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் உரிமை. ராத்திரி கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் ரெண்டு செங்கல் வைத்து உயர்த்தினால் காலையில் வீக்கம் குறைந்திருக்கும்.

சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் நம்முடையது, தைலம் தடவலாமா என்று கேட்பார்கள். உளைச்சல் தணியலாம், ஆனால் திறந்துவிட்ட வால்வு எந்தத் தைலத்தாலும் மூடாது. புடைப்பின் மேல் அழுத்தித் தேய்க்க மட்டும் வேண்டாம். உள்ளுக்குச் சாப்பிடுகிற மருந்து இருந்தால் சர்ஜனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்காம் படி: முறையைத் தேர்வது

லேசரும் ரேடியோ அலையும். ரெண்டும் வெப்பத்தால் சிரையை மூடுகிற முறைகள். முழங்கால் பக்கம் ஸ்கேன் பார்த்தபடி ஊசி குத்தி, மெல்லிய இழையையோ குழாயையோ தொடை இடுக்குச் சேர்மானத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கீழ் வரை ஏற்றுவார்கள். பிறகு சிரையைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த உப்புநீரை ஊசியால் நிரப்புவார்கள். இது வலியைத் தடுக்கும், சிரையை இழையோடு ஒட்டி அமுக்கும், சூடு தோலுக்கும் உணர்வு நரம்புக்கும் போகாமல் காக்கும். நோயாளிக்குக் கொஞ்சம் சிரமமான கட்டம் இந்தப் பல ஊசிகள்தான். அதைத் தாண்டினால் வலி பெரிதாக இல்லை. ரேடியோ அலையில் குழாயின் நுனி 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி, 7 சென்டிமீட்டர் துண்டை 20 வினாடியில் மூடும். லேசரில் இப்போது 1470 நானோமீட்டர் அலைநீளம் பரவலாக இருக்கிறது. பழைய கருவிகளைவிடக் கன்றிப்போவதும் வலியும் குறைவு. மூடிய சிரை சில மாதங்களில் சுருங்கி உடம்போடு கரைந்துவிடும். இரத்தம் ஆழச் சிரைகள் வழியே போய்க்கொள்ளும்.

ரெண்டில் எது மேல் என்று கேட்டால், பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிரை மூடியே இருக்கிறது. ஒரு மெஷின் பெயருக்காக மதுரைக்கும் சென்னைக்கும் அலைவதைவிட, சிகிச்சையின்போது தானே ஸ்கேன் பார்த்துச் செய்கிற, இதை அடிக்கடி செய்கிற டாக்டரை ஊரிலேயே தேடுவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

நுரை ஊசி. பாலிடோகனால் போன்ற மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்துவது. செலவு குறைவு, மரப்பு ஊசி வேண்டாம். வளைந்து நெளிந்த கிளைகள், ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப வந்தவை, புண்ணைச் சுற்றியுள்ளவை, வயதானவர்கள் ஆகியோருக்கு நல்ல வழி. பெரிய சிரையில் மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பு வெப்பமுறையைவிடக் கூடுதல். பழுப்புத் தடம் சில மாதம் இருக்கும். சிலருக்குக் கொஞ்ச நேரம் கண் மங்கலாகும்; ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

பசை. சயனோஅக்ரிலேட் பசையால் சிரையை ஒட்டிவிடுவது. சூடு இல்லை, சுற்றி ஊசிகளும் இல்லை. விலை அதிகம். சிலருக்குச் சில நாள் கழித்துத் தொடை நெடுக்கச் சிவந்து அரிக்கும். பசை உள்ளேயே தங்கிவிடும் என்பதால் ஒவ்வாமைக்காரர்களுக்கு இது ஏற்றதல்ல.

புடைத்த கிளைகளை 2, 3 மில்லிமீட்டர் துளை வழியே கொக்கியால் எடுப்பதும் உண்டு. லேசரோடு சேர்த்தே செய்வார்கள், தையல் வேண்டியிருக்காது.

தொடை இடுக்கில் கட்டிச் சிரையை உருவும் பழைய ட்ரெண்டலன்பர்க் ஆபரேஷனைத் தள்ளிவிடவும் வேண்டாம். சிரை மிகவும் அகலமாகவோ, இழை ஏற முடியாதபடி நெளிந்தோ இருந்தால், அல்லது இலவசமாகக் கிடைப்பது அதுதான் என்றால், அதுவும் நல்ல சிகிச்சையே. முதுகில் மரப்பு ஊசி போடுவார்கள், ஓய்வு கூடுதலாக வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வரிசை இப்படித்தான்: முதலில் வெப்பமுறை, அது பொருந்தாவிட்டால் நுரை, அதுவும் பொருந்தாவிட்டால் ஆபரேஷன்.

கரண்டைப் புண் உள்ளவர்களுக்கு

வீரவநல்லூரில் எங்கள் அத்தை உட்கரண்டைப் புண்ணுக்கு வருஷக்கணக்காகக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரைப் புண் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சர்க்கரை அவருக்கு இல்லவே இல்லை. அவரை நிற்கவைத்துத் தொடை வரை பார்த்தவர் யாருமில்லை. டாப்ளரில் ஒழுக்கு தெரிந்து, சிரையை மூடி, பல அடுக்கு அழுத்தக் கட்டும் போட்ட பிறகுதான் புண் மூடியது. அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

2018-ல் வெளியான ஈ.வி.ஆர்.ஏ. என்ற பிரிட்டன் ஆய்வில் 450 பேர் சேர்ந்தார்கள். அழுத்தக் கட்டோடு சிரையையும் சீக்கிரமே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு அதே அளவு ஆற 82 நாள் ஆனது. ஆகவே "புண் ஆறட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஐந்தாம் படி: கேட்க வேண்டிய கேள்விகள்

செலவை மொத்தமாகக் கேட்காமல் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: டாக்டர் கட்டணம், இழை அல்லது குழாய், ஸ்கேன், காலுறை, பிறகு பார்க்கும் ஸ்கேன், ஒரு காலுக்கா ரெண்டு காலுக்கா. லேசர் இழையும் ரேடியோ குழாயும் ஒரு தடவைக்கு உரியவை. உறையை உங்கள் முன்னால் பிரிப்பார்களா என்று தயங்காமல் கேட்கலாம்.

இடைஞ்சல்களையும் கேளுங்கள். கன்றிப்போவது சகஜம். முழங்காலுக்குக் கீழே சூடு காட்டினால் தோலில் மரப்பு சில வாரமோ சில மாதமோ இருக்கலாம். ஆழச் சிரையில் உறைவது அரிது, ஆனால் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடிதான்.

சிகிச்சை நாளும் பிறகும்

நிற்கவைத்துப் பேனாவால் காலில் குறி போடுவார்கள், பிறகு படுக்க வைப்பார்கள். ஒரு காலுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இறங்கியதும் அங்கேயே பத்து இருபது நிமிஷம் நடக்கச் சொல்வார்கள், நடங்கள். அன்றைக்கு பைக் ஓட்டாதீர்கள், கூட ஒருவர் வரட்டும். பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்கள் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள்.

ஒரு வாரம் வாக்கில் தொடைக்குள் நூல் இழுப்பது போல இருக்கும். சிரை சுருங்குவதால் வருவது, பயப்பட வேண்டாம். காலுறை எத்தனை நாள் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும், ஒன்றிரண்டு வாரம் சொல்வார்கள். படுத்தே கிடக்காமல் தினம் பைய நடங்கள். கடை, ஆபீஸ் வேலைக்குச் சில நாளில் போகலாம். மூட்டை தூக்குவது, ஆனித் திருவிழாவில் தேர்வடம் பிடிப்பது, நீண்ட தூரப் பயணம் எல்லாம் ரெண்டு வாரம் தள்ளட்டும். துளைகள் ஆறும் வரை தாமிரபரணியிலும் பாபநாசத்திலும் இறங்க வேண்டாம்.

ஒரு வாரத்துக்குள் மறு ஸ்கேன் கட்டாயம். வலியில்லை என்று பலர் போவதில்லை. சிரை மூடியிருக்கிறதா, உறைவு ஆழச் சிரைப் பக்கம் நீண்டிருக்கிறதா என்று பார்ப்பது அதில்தான். மிச்சமிருக்கும் சின்னப் புடைப்புகள் சில வாரத்தில் தானாகவே அமுங்கலாம். அமுங்காததற்கு நுரை ஊசி பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மூடிய சிரை போனாலும் வேறு சிரைகள் சில வருஷம் கழித்துப் பழுதாகலாம். அப்போது வருகிற டாக்டருக்கு முதல் ஸ்கேன் ரிப்போர்ட், எந்தச் சிரையை எதனால் மூடினார்கள் என்ற டிஸ்சார்ஜ் சீட்டு, மறு ஸ்கேன் மூன்றும் வேண்டும். மூன்றையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அதோடு அந்தப் படத்தின் கீழேயே எந்தக் கால், என்ன தேதி என்று எழுதிவிடுங்கள்.